சூரியனைப் பார்த்துச் சொன்ன வழி

நான் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி. பொங்கல் விடுமுறை முடிந்து திரும்பிய வாரத்தில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் ஆண்டு மாணவியர் பன்னிரண்டு பேரும் வருகிற சனிக்கிழமை செங்கல்பட்டிலிருந்து புறப்பட்டு, ரிசர்வ் காட்டுக்குள் இருக்கும் வன இலாகா பங்களாவுக்கு 'ஹைக்' போகவேண்டும். ஓர் இரவு தங்கித் திரும்பவேண்டும். உடற்பயிற்சிப் பாடத்தில் இதற்கு இருபத்தைந்து மதிப்பெண். கீழே டிரில் டீச்சரின் கையெழுத்து.

நடப்பதற்கு மதிப்பெண் உண்டு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதற்கு முன் பதினெட்டு வருஷம் சும்மாவே நடந்திருக்கிறேன்.

தாளை இரண்டாம் முறை படித்தபோதுதான் எந்தக் காடு, எந்த பங்களா என்பது உறைத்தது. எங்கள் சேரி அந்தக் காட்டின் அடிவாரத்தில், திருக்கழுக்குன்றம் போகும் சாலையிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே இருந்தது. அப்பா, அம்மா இருவரும் கூலி வேலை. அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாத மாதங்களில் அம்மா மற்றப் பெண்களோடு காட்டுக்குள் போய் விறகு பொறுக்கிக் கட்டிக்கொண்டு வருவாள். ரிசர்வ் காட்டில் விழுந்த குச்சியை எடுப்பதும் சட்டப்படி திருட்டுதான். நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நானும் கூடப் போனேன். பதினோரு வயதில் செங்கல்பட்டு ஹாஸ்டலுக்கு வந்த பிறகும் லீவில் போவது நிற்கவில்லை.

பயிற்சிப் பள்ளியில் இதை யாரிடமும் சொன்னதில்லை. "அப்பா என்ன பண்றாரு?" என்று கேட்டால் "விவசாயம்" என்பேன். யாருடைய நிலத்தில் என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

டிரில் டீச்சர் பட்டணத்திலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்மணி. நாற்பது வயதிருக்கும். கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். உண்மை பேசுவது பற்றி வாரம் ஒரு முறை, காலை வரிசையில் நிற்கும்போது, எங்களுக்குச் சொல்வார். வெள்ளிக்கிழமை எங்களை உட்காரவைத்து மதிப்பெண் எப்படிப் பிரிகிறது என்று விளக்கினார். வேகம், வரிசை, திசை அறிதல், மரங்களை அறிதல், நாட்குறிப்பு எழுதுதல், உள்ளூர்வாசிகளிடம் விசாரித்தல். கடைசிக்கு மட்டும் இரண்டு மதிப்பெண். எல்லோரும் கான்வாஸ் ஷூ போட்டு வரவேண்டும் என்றார். என்னிடம் செருப்பே விசேஷத்துக்குத்தான். பள்ளி ஸ்டோரிலிருந்து ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்தார். என் காலைவிட இரண்டு விரற்கடை நீளம். முன்னால் பஞ்சு அடைத்துக்கொள்ளச் சொன்னார்.

என் தோழி புதுப்பட்டினத்துப் பெண். அவளுடைய அத்தாவுக்கு அங்கே துணிக்கடை. ஹாஸ்டலில் எனக்குப் பக்கத்துப் படுக்கை. அவள் வாழ்நாளில் நடந்த அதிகபட்ச தூரம் வீட்டு வாசலிலிருந்து குதிரை வண்டி வரைக்கும். மகள் காட்டுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு அத்தா பஸ் ஏறி வந்துவிட்டார். டீச்சரிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி.

"அந்த பங்களாவுல தாப்பா கீதாம்மா?"

"இருக்கிறது. உள்ளேயும் இருக்கிறது, வெளியேயும் இருக்கிறது" என்றார் டீச்சர், அவரைச் சமாதானப்படுத்தும் நோக்கத்தில்.

"வெளிய கீறத கழட்டச் சொல்லுங்க" என்றார் அத்தா. பிறகு ஐந்தடுக்கு டிபன் கேரியர் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விட்டார்.

சனிக்கிழமை விடியும்போது கிளம்பினோம். வெள்ளைப் புடவை, நீலக் கரை, தோளில் பை, கையில் கம்பு. ஏரிக்கரை தாண்டும் வரை வரிசை ஒழுங்காக இருந்தது. டீச்சர் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் தாசில்தார் வீட்டுப் பெண். நாட்குறிப்பு எழுதும் பொறுப்பு அவளுக்கு. கைக்கடிகாரம் அவளிடம் மட்டும்தான் இருந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நின்று எழுதினாள். "மணி 6.20. கொக்கு." "மணி 6.25. இன்னும் கொக்கு."

நான் வரிசையின் கடைசியில் நடந்தேன். வழி தெரிந்தவள் போல் கால் தானாக முன்னே போய்விடக்கூடாது என்ற கவலை எனக்கு. எனக்கு முன்னால் தோழி, டிபன் கேரியரைக் கைமாற்றிக் கைமாற்றிப் போனாள்.

"இன்னாடி இது, இன்னும் எவ்ளோ தூரம்?" என்றாள், இரண்டாம் மைலில்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

எட்டு மணிக்குக் காட்டின் ஓரத்துக்கு வந்தோம். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் போவது மேட்டில் ஏறி, கிழக்கே பங்களாவுக்குப் போகும். வலது பக்கம் போவது பழைய கல்குவாரிக்குப் போய் அங்கேயே முடிந்துவிடும். டீச்சர் பையிலிருந்து வரைபடத்தை எடுத்துத் தரையில் விரித்தார். நாலு மூலையிலும் நாலு பேர் கல் வைத்தோம். திசைகாட்டியை அதன் மேல் வைத்து ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"வலது பக்கம்" என்றார்.

எனக்கு வாய்வரை வந்தது. பிறகு, இந்த வழி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது என்று தோன்றியது. சாமி கும்பிட யாரும் அந்தக் காட்டுக்குள் போவதில்லை. மாடு மேய்க்கவும் அனுமதி கிடையாது. அங்கே வழி தெரிந்தவர்கள் இரண்டே வகை. ஒன்று வன இலாகாக்காரர்கள். நான் வன இலாகாவில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே பேசாமல் வலது பக்கம் நடந்தேன்.

முதல் அரை மணி நேரம் நன்றாகவே போயிற்று. டீச்சர் மரங்களைக் காட்டிப் பெயர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. எனக்கு எல்லாம் தெரியும், ஆனால் எனக்குத் தெரிந்த விதம் வேறு. காசாங்குச்சி நின்று எரியும். களா எரியும்போது வெடிக்கும், பக்கத்தில் குழந்தையை விடக்கூடாது. வெப்பாலை புகை மட்டும்தான் தரும். உலக்கைப் பாலையை வெட்ட முயன்றால் கத்தியின் வாய் மடங்கிவிடும். இதையெல்லாம் மதிப்பெண்ணாக மாற்ற வழி இருப்பதாகத் தெரியவில்லை. நானும் தெரியவில்லை என்று தலையாட்டினேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் பாதை குறுகி, சூரைமுள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தது. புடவைகள் மாட்டின. ஒவ்வொரு மாட்டலுக்கும் வரிசை நின்றது. தண்ணீர் பாட்டில்கள் காலியாகின. பன்னிரண்டு பேரில் காலில் கொப்புளம் வந்தது ஒருத்திக்குத்தான். அது நான். அந்த ஷூதான் காரணம். தோழி ஒரு பாறையில் உட்கார்ந்து டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் இங்கியே இருந்துக்கறேன் டீச்சர். திரும்பி வரசொல்லோ என்னக் கூட்டிகினு போங்க" என்றாள்.

கிண்டலாகச் சொல்லவில்லை. அவள் முகம் சிவந்து, உதடு காய்ந்திருந்தது. இன்னொரு பெண் ஓரமாக நின்று சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். டீச்சர் மறுபடி வரைபடத்தை விரித்தார். அவருடைய விரல் ஓர் இடத்தில் நின்று, பிறகு வேறொரு இடத்துக்குப் போய், பிறகு தூக்கிக்கொண்டது. வழி தவறிவிட்டதை அவர் அறிந்துவிட்டார், எங்களுக்கு முன்னால் அதைச் சொல்ல முடியாமல் நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"டீச்சர், இது தப்பான வழி" என்றேன்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படிச் சொல்றே?"

"சூரியனப் பாத்து, டீச்சர்."

எப்படி அந்தப் பதில் வந்தது என்று தெரியாது. மேலே கை காட்டினேன். "பங்களா கிழக்கால இருக்குதுன்னு நீங்க சொன்னீங்க. காலையில கிழக்கால நடந்தா வெயில் முகத்துல படணும். ஒன்றரை மணி நேரமா எடது கன்னத்துலதான் படுது."

டீச்சரின் முகம் மலர்ந்தது. நாற்பது மாணவிகளுக்கு ஒரு வருஷம் கற்றுக்கொடுத்தும் நடக்காத ஒன்று நடந்துவிட்டதைப் போல என்னைப் பார்த்தார். விசில் ஊதி எல்லோரையும் அரைவட்டமாக நிறுத்தினார். சூரியனை வைத்துத் திசை அறிவது எப்படி என்று நான் வகுப்பெடுக்கவேண்டும் என்றார். தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டிருந்த பதினோரு பேருக்கு நான் பத்து நிமிஷம் சூரியனைப் பற்றிப் பேசினேன். தாசில்தார் வீட்டுப் பெண் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நான் எடுத்த முதல் வகுப்பு அதுதான். முழுக்கப் பொய் என்று சொல்ல முடியாது. சொன்ன விஷயம் சரி. எனக்கு அது உதவவில்லை, அவ்வளவுதான்.

டீச்சர் என்னை வரிசையின் முன்னால் விட்டார். பிரிந்த இடத்துக்குத் திரும்ப வந்து இடது பக்கம் ஏறினோம். தண்ணீர் இல்லாமல் பங்களா வரை இவர்களால் போக முடியாது என்பதால், பாதையை விட்டு இறங்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் இருக்கும் சுனைக்குக் கூட்டிப்போனேன். பாதையிலிருந்து பார்த்தால் அது தெரியாது. மேலே கிடந்த சருகை விலக்கினால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். எல்லோரும் குடித்தார்கள், முகம் கழுவினார்கள். தோழி குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தண்ணி எங்க கீதுன்றதையும் சூரியன்தான் சொல்லிச்சா?" என்றாள் மெதுவாக.

நான் ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

சுனையைத் தாண்டினால் காடு மாறிவிடும். முள்ளும் புதரும் நின்று, பெரிய மரங்கள் தொடங்கும். அந்தப் பகுதியில் கோடாலி படக்கூடாது என்று எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரத் துரை உத்தரவு போட்டிருந்தாராம். உத்தரவு போட்டவர் போய், அவருடைய ராஜாங்கமும் போய், உத்தரவு மட்டும் இருந்தது. இரண்டு பேர் கை கோத்தாலும் அடங்காத பாலை மரங்கள், நாவல் மரங்கள். உச்சியில் கொடிகள் பின்னிக்கொண்டு, பகலிலேயே கீழே பச்சையாக ஓர் இருட்டு. பேசிக்கொண்டு வந்த பெண்கள் அங்கே தானாகப் பேச்சை நிறுத்தினார்கள். டீச்சர் ஒரு மரத்தில் கை வைத்து, "இது நம் எல்லோருடைய வயதையும் கூட்டினால் வரும் வயது" என்றார். தாசில்தார் வீட்டுப் பெண் கூட்டிப் பார்க்கத் தொடங்கினாள்.

அந்த இருட்டிலிருந்துதான் அவர்கள் வந்தார்கள். தலையில் விறகுக் கட்டோடு ஏழு பெண்கள், ஒருத்தி பின் ஒருத்தியாக, எதிரே. மூன்றாவதாக வந்தது என் அம்மா.

வன இலாகா கார்டு காட்டைச் சுற்றிவரும் பகலில் அத்தனை பேர் கூட்டமாக வரமாட்டார்கள். பின்னால் தெரிந்தது இதுதான். பங்களாவுக்கு டீச்சரும் மாணவிகளும் வருகிறார்கள், குடம் வேண்டும், பால் வேண்டும் என்று கார்டு இரண்டு நாள் முன்னால் சேரிக்கே வந்து சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை முழுவதும் அவர் பங்களாவை விட்டு நகரமாட்டார் என்பது ஊருக்குத் தெரிந்துபோயிற்று. காட்டுக்குள் போக அதைவிட நல்ல நாள் கிடைக்காது. பயிற்சிப் பள்ளி என்று அவர் சொன்னாரா, ஏதோ பள்ளிக்கூடம் என்றாரா தெரியாது. மகளும் வருவாள் என்று அம்மா நினைத்திருக்கவில்லை.

எங்கள் வரிசையைக் கண்டதும் அவர்கள் பாதையை விட்டு ஓரமாக ஒதுங்கினார்கள். அம்மா என்னைப் பார்த்தாள். தலையில் சுமை இருந்தால் முகத்தைத் திருப்ப முடியாது. கண்ணை மட்டும் திருப்பினாள்.

"நல்லதாப் போச்சு" என்றார் டீச்சர். "சூரியன் சொல்வது சரிதான். ஆனாலும் உள்ளூர்வாசிகளிடம் விசாரிக்கவேண்டும். நீயே போய்க் கேள்."

நான் போனேன். முன்னால் நின்ற இரண்டு பெண்களும் எங்கள் தெருக்காரர்கள்தான். ஒருத்தி எனக்குச் சின்னம்மா முறை. அவர்கள் பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டார்கள். நான் அவர்களைத் தாண்டி அம்மாவின் முன்னால் போய் நின்றேன். பின்னால் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, பங்களாவுக்கு எப்படிப் போவணும்?"

எந்தப் பெண்ணிடம் வழி கேட்டாலும் அம்மா என்றுதான் அழைப்போம். யாருக்கும் வித்தியாசமாகத் தெரிந்திருக்காது.

அம்மா கொஞ்சம் மூச்சு வாங்கினாள். பிறகு சொன்னாள்: "நேரா போங்கம்மா. அந்தப் பெரிய நாவ மரம் தாண்டினா எடது கைப் பக்கமா ஓட்டு வூடு தெரியும். தோ, கிட்டதான்."

என்னைப் பெற்றவள் என்னைப் போங்கம்மா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. நான் சரி என்று தலையாட்டினேன். வேறு ஏதாவது சொல்லவேண்டும் என்று நின்றேன். அவள் கண் என் காலுக்குப் போயிற்று.

"ஷூ கடிக்குதாம்மா? கழட்டிட்டு நடங்க. மண்ணு குளுமையா கீது" என்றாள். பிறகு முன்னே நின்றவர்களுக்கு ஒரு செருமல். ஏழு பேரும் நகர்ந்து போய்விட்டார்கள்.

"மிகவும் மரியாதையான ஜனங்கள்" என்றார் டீச்சர். நான் ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். தாசில்தார் வீட்டுப் பெண் மணி பார்த்து எழுதினாள்.

பங்களா என்பது இரண்டு அறையும் ஒரு வராந்தாவும் உள்ள ஓட்டு வீடு. பின்னால் தனியாக ஒரு சமையல் கொட்டகை. எனக்கு எட்டுப் பத்து வயதில் அதுதான் நான் பார்த்த ஒரே பங்களா. கார்டு காக்கிச் சட்டை போட்டு, வாசலில் நின்று டீச்சருக்கு சல்யூட் அடித்தார். எட்டு வருஷத்தில் மீசை நரைத்திருந்தது. அது தவிர அவரேதான். என்னையும் என் அம்மாவையும் ஒருநாள் சுனைக்குப் பக்கத்தில் பிடித்து, விறகுக் கட்டையும் கொடுவாளையும் வாங்கி வைத்துக்கொண்டவர். பெரிய ஆபீசர் ஒருவர் வரவிருந்ததால் கேஸ் எழுதாமல், இரண்டு நாள் இந்த பங்களாவைக் கழுவிவிடச் சொன்னார். சுனையிலிருந்து தண்ணீர் சுமந்து, நானும் அம்மாவும் மண்டிபோட்டுத் தேய்த்த தரை அது. சிவப்புத் தரை. உள் அறையில் ஜன்னலுக்குக் கீழே ஒரு விரிசல் உண்டு, வரைபடத்தில் ஓடும் ஆறு மாதிரி என்று இப்போது சொல்வேன். அப்போது எனக்கு வரைபடம் தெரியாது.

சமைக்க விறகு கேட்டார் டீச்சர். கொட்டகைக்குப் பின்னால் கார்டு கூட்டிப்போய்க் காட்டினார். ஆள் உயரத்துக்கு விறகுக் கட்டுகள் அடுக்கியிருந்தன.

"இன்னா வேணுமோ எடுத்துக்கோங்க டீச்சரம்மா. எல்லாம் திருட்டுக் கட்டுதான். புடிச்சி வச்சது."

ஒவ்வொரு வீட்டுக்காரியும் கட்டும் முறை வேறு. சிலர் கொடியை இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சை உள்ளே செருகுவார்கள். சிலர் பழம்புடவைக் கிழிசல் வைத்துக் கட்டுவார்கள். அந்த அடுக்கில் யார் யாருடைய கட்டு எது என்று என்னால் சொல்ல முடிந்தது. அன்று மத்தியானம் எங்களுக்குச் சோறும் பருப்பும் எங்கள் எதிர்வீட்டு அக்காவின் விறகில் வெந்தது. நன்றாக எரிந்தது. அவள் எப்போதும் காய்ந்ததாகப் பார்த்துத்தான் பொறுக்குவாள்.

சாப்பிட்டு முடிந்து எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கார்டு வந்தார். "வர்ற வழியில யாராச்சும் கட்டோட போனாங்களா டீச்சரம்மா? கண்டிப்பா இன்னிக்குப் பூந்துருப்பாளுங்க. நான் இங்க மாட்டிக்கினது அவளுங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கம் போனாங்கன்னு சொன்னாப் போதும், அடிவாரத்துல மடக்கிடுவேன்."

டீச்சர் அவரைப் பார்த்தார். பிறகு தாசில்தார் வீட்டுப் பெண்ணிடம் கையை நீட்டி நாட்குறிப்பை வாங்கினார்.

"எல்லாம் இதில் எழுதியிருக்கிறது. படிக்கிறேன்" என்றார்.

நான் அவருக்குப் பின்னால், தூணில் சாய்ந்து நின்றேன். நோட்டு எனக்குத் தெரிந்தது. கொக்குகளிலிருந்து தொடங்கி ஒரு வரி விடாமல் படித்தார். முள், சூரியன், சுனை. கடைசிப் பக்கத்தில் குண்டு குண்டான எழுத்தில் இருந்தது: "மணி 11.40. விறகுக் கட்டுகளுடன் ஏழு பெண்கள் எதிர்ப்பட்டனர். வழி விசாரித்தோம். அவர்கள் அடிவாரம் நோக்கிச் சென்றனர்."

"மணி பதினொன்று நாற்பது" என்று படித்தார் டீச்சர். "வழி விசாரித்தோம்."

நோட்டை மூடினார்.

"யார்கிட்ட விசாரிச்சீங்க?" என்றார் கார்டு.

"அது எழுதப்படவில்லை" என்றார் டீச்சர்.

தாசில்தார் வீட்டுப் பெண் வாயைத் திறந்தாள். என் தோழி டிபன் கேரியரின் நாலாவது அடுக்கிலிருந்து ஒரு ஓட்டப்பத்தை எடுத்து அந்த வாயில் வைத்தாள். "துன்னு பாரு, எங்கம்மா செஞ்சது" என்றாள்.

கார்டு புரியாமல் நின்றார். அவர் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய் என்மேல் வந்து நின்றது.

"இந்தம்மாவ எங்கியோ பாத்தா மாதிரி கீதே."

வாரம் தவறாமல் உண்மையைப் பற்றிப் பேசுகிறவர், என் கண் முன்னாலேயே இரண்டு வரியை விழுங்கிவிட்டு நேராக உட்கார்ந்திருந்தார். ஏன் செய்தார் என்று அன்றைக்கும் தெரியாது, பிறகும் அவர் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

"பாத்திருக்கீங்க" என்றேன். "எட்டு வருஷத்துக்கு முன்ன எங்கம்மாவும் நானும் வெறகு பொறுக்க வந்து ஒங்ககிட்ட மாட்டினோம். இந்தத் தரைய ரெண்டு நாள் கழுவினோம். எங்க வூடு கீழ சேரியில."

தாசில்தார் வீட்டுப் பெண் மெல்வதை நிறுத்தினாள்.

கார்டு தரையைப் பார்த்தார். "ஆமா" என்றார். "ஆபீசர் தரையப் பாத்து மெச்சிக்கினாரு. முகம் தெரியுதுய்யான்னாரு."

போய்ப் பால் வந்ததா என்று பார்க்கிறேன் என்று நழுவினார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கிளம்பும் வரை அவர் என்னிடம் 'நீ' என்றும் சொல்லவில்லை, 'நீங்க' என்றும் சொல்லவில்லை. "தண்ணி எறக்கி வச்சாச்சி." "சாப்பாடு ஆச்சா?" "வெளக்கு இங்க இருக்கட்டும்." ஆளே இல்லாத வாக்கியங்களாகத் தேடிப் பிடித்துப் பேசினார். அது சுலபமில்லை.

"அப்போ சூரியன் இல்லியா?" என்றாள் தோழி.

"இல்ல."

"நான் நெனச்சேன்" என்றாள். ஓட்டப்பத்தை எனக்கும் ஒன்று கொடுத்தாள்.

சாயங்காலம் பாய்களை விரித்தபோது, என் பாய்க்குப் பக்கத்தில் போட்டிருந்த தன் பாயைத் தாசில்தார் வீட்டுப் பெண் சுருட்டி எடுத்து, நாலு பாய் தள்ளிப் போட்டுக்கொண்டாள். அங்கே காற்று வருகிறது என்றாள். பயிற்சி முடிந்து வருஷக் கடைசியில் ஹாஸ்டலை விட்டுப் போகிறவரை அவளுக்குக் காற்று எப்போதும் என்னிடமிருந்து நாலு பாய் தள்ளியே வந்தது.

மறுநாள் காலை டீச்சர் எங்களைப் பங்களாவுக்குப் பின்னால் இருக்கும் பாறை மேல் ஏற்றினார். அங்கிருந்து கடல் தெரிந்தது. கிழக்கே, மரத்தலைகளுக்கு அப்பால் ஒரு வெள்ளிக் கோடு. வடக்கே மாமல்லபுரத்து லைட் ஹவுஸ், குத்தி வைத்த பென்சில் போல. தோழி தெற்கே கை காட்டி, அதோ அந்தத் தென்னந்தோப்புக்குப் பக்கத்தில்தான் புதுப்பட்டினம், எங்க வூடு என்றாள். அவள் காட்டிய திசையில் தென்னந்தோப்புகள் நிறைய இருந்தன. எல்லாவற்றையும் நம்பினோம்.

அந்தக் காட்டுக்குள் நான் குறைந்தது ஐம்பது தடவை வந்திருப்பேன். அங்கிருந்து கடல் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. விறகு பொறுக்குகிறவர்கள் தரையைப் பார்த்து நடப்பார்கள்.

பாறையிலிருந்து இறங்கும்போது டீச்சர் என்னைத் தனியாக நிறுத்தினார்.

"சூரியனைப் பார்த்ததாகச் சொன்னது பொய்யா?"

"ஆமாம் டீச்சர்."

"திசை அறிதலுக்குப் பத்துக்குப் பத்து போட்டிருந்தேன். எட்டாக்குகிறேன்" என்றார். நாட்குறிப்பை வாங்கி 'சூரியன்' என்று இருந்த இடத்தில் அடித்துவிட்டு 'அனுபவம்' என்று எழுதினார். இரண்டடி போய்த் திரும்பி, "மரங்களின் பெயர் கேட்டபோதும் தெரியாது என்றாயே?" என்றார். அதற்கும் ஒன்று குறைந்தது. திரும்பும் வழியில் என்னை முன்னால் விட்டு, மரத்துக்கு மரம் நிறுத்தி, எது எப்படி எரியும் என்று எல்லோருக்கும் சொல்லச் சொன்னார். மதிப்பெண் கிடையாது என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து ஊருக்குப் போனேன். வழியெல்லாம் அம்மாவிடம் என்ன சொல்லவேண்டும் என்று யோசித்துக்கொண்டு போனேன். அவ்வளவு பேருக்கு நடுவில் உன்னைத் தெரியாத மாதிரி நின்றேன், மன்னித்துவிடு என்று ஆரம்பித்து நாலு வாக்கியம் தயார் பண்ணியிருந்தேன். அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வாக்கியத்தைச் சொன்னேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"நல்ல வேள, தெரிஞ்சா மாதிரி காட்டிக்கல" என்றாள். "ஒங்க டீச்சரப் பாத்தா நின்னு பேசறவங்க மாதிரி தெரிஞ்சிது. எங்கம்மான்னு நீ சொல்லியிருந்தா, எந்தத் தெரு, எத்தினி புள்ளைங்கன்னு ஒவ்வொண்ணா கேட்டுகினு இருந்துருப்பாங்க. பச்சக் கட்ட ரெண்டு உள்ள வச்சிருந்தேன். கழுத்து ஒடிஞ்சி பூட்டிருக்கும்."

அவள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாளா, என்னைச் சும்மா இருக்கச் சொன்னாளா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. மிச்சமிருந்த மூன்று வாக்கியத்தையும் நான் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் குண்டுப் பொண்ணு யாரு, அடுக்கு ஏனம் தூக்கிகினு வந்தாளே" என்று கேட்டாள். என் சிநேகிதி, புதுப்பட்டினத்துத் துணிக்கடைக்காரர் மகள் என்றேன்.

"அவளுக்குத்தான் ரொம்ப முடியாமப் போச்சி. நாங்க போன பொறவு ஒக்காந்தாளா?"

"இல்ல. நடந்து வந்துட்டா."

"பரவால்ல" என்றாள் அம்மா. முறத்தைத் தட்டிவிட்டு, உமியை ஊதினாள்.